ஏழாம் வாய்ப்பாடு தெரியும், 91 தெரியாது

சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பலர் தறி ஓட்டும் குடும்பத்துப் பிள்ளைகள். மற்றவர்களின் பெற்றோர் காட்டு வேலைக்கோ, விடிவதற்குள் பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போகிறவர்கள். ஐந்தாம் வகுப்பு முடித்து வருகிற பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு தண்ணீர் பட்ட பாடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பார்கள். ஆனால், "91 ஏழின் மடங்கா?" என்று கேட்டால், "இல்லைங்க டீச்சர்" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. ஏன் என்று கேட்டால், "ஏழாம் வாய்ப்பாட்டில் வரவில்லையே" என்கிறார்கள்.

அவர்கள் படித்த வாய்ப்பாட்டுப் புத்தகத்தில் ஏழு, எழுபதோடு நின்றுவிடுகிறது. அச்சடித்தவர் நிறுத்திய இடத்தில் எண்ணும் நின்றுவிட்டது என்று பிள்ளை நம்புகிறது. மடங்கு என்ற பாடத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தது அந்தப் பதில்தான். வாய்ப்பாடு தெரிந்தால் மடங்கு தெரிந்துவிடும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பல ஆசிரியர்களும் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதைத் தாண்ட வைப்பது பெரிய வேலையில்லை, ஆனால் யாராவது தாண்ட வைக்க வேண்டும்.

சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1320 படிகள். எங்கள் பிள்ளைகளில் அந்தப் படி ஏறாதவர் கிடையாது. அதனால் பலகையில் எதுவும் எழுதாமல் அங்கே அழைத்துப் போய்விடுவேன், மனத்தால். "நெட்டையான ஓர் ஆள். ஒவ்வொரு தாவலுக்கும் ஏழு படி தாண்டுகிறான். அவன் கால் எந்தெந்தப் படியில் படும்?" 7, 14, 21 என்று சத்தமாகத் தொடங்கி எழுபதுக்கு வந்ததும் குரல் இறங்கும். "ஏன் கண்ணு, எழுபதாம் படியில் உட்கார்ந்துவிட்டானா?" என்று கேட்டால் போதும். 77, 84, 91 என்று மறுபடி ஏற ஆரம்பிப்பார்கள். 91 வந்ததும் யாராவது ஒருவர் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. கால் படும் படியெல்லாம் ஏழின் மடங்கு, படாதவை அல்ல.

இந்தப் படிகளிலேயே மடங்கைப் பற்றிச் சொல்ல வேண்டிய அடிப்படைகள் எல்லாம் கிடைத்துவிடுகின்றன. முதல் தாவல் முடிந்து கால் படுவது ஏழாம் படி. ஆகவே எந்த எண்ணும் தனக்குத்தானே ஒரு மடங்கு. ஏறத் தொடங்கும் முன் அவன் நின்ற தரை சுழியம். ஒரு தாவலும் தாவாத இடம். 7 × 0 = 0 என்பதால் சுழியமும் ஏழின் மடங்குதான், எல்லா எண்ணுக்கும் மடங்குதான். பள்ளிப் புத்தகங்களில் மடங்குகளைப் பொதுவாக 7 × 1 இலிருந்து எழுதத் தொடங்குவதால், பிள்ளைகள் இதைக் கேட்டு வியப்பார்கள். மலைக்குக் கடைசிப் படி உண்டு. எண்ணுக்குக் கடைசி கிடையாது, ஆகவே மடங்குகளுக்கும் முடிவில்லை.

காரணியையும் மடங்கையும் மாற்றிப் போடுவது இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளிடமும் காண்கிற குழப்பம். 12-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. மடங்குகள் 12, 24, 36, 48 என்று போய்க்கொண்டே இருக்கும். காரணிகள் 12-இல் முடிகின்றன, சுழியத்தை விட்டுவிட்டால் மடங்குகள் 12-இல் தொடங்குகின்றன. இரண்டு பட்டியலிலும் இருப்பது 12 மட்டும். இதை ஒருமுறை தன் கையால் எழுதிப் பார்த்த பிள்ளை பிறகு தடுமாறுவதில்லை.

அடுத்து எது எது கடைசிப் படியில் சரியாகப் போய் நிற்கும் என்று பார்ப்போம். இரண்டிரண்டாகத் தாவினால் 1320-இல் கால் படும். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எல்லாமே படும். ஏழு படாது: 1316-இல் நிற்பான், இன்னும் நான்கு படி மிச்சம். எட்டு படும். ஒன்பது 1314 வரை வந்து ஆறு படி மிஞ்சும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றும் சரியாக முடியும். அடுத்த முறை கோயிலுக்குப் போன பிள்ளைகள் மெய்யாகவே படிகளை எண்ணிக்கொண்டு ஏறியதாக ஒரு தாய் வந்து சொன்னார். கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியவில்லை.

இனிதான் முக்கியமான இடம். "1316 என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஒவ்வொன்றாக 188 தாவல் எண்ண வேண்டுமா?" வகுத்துப் பார்க்கலாம் என்பார்கள். வகுக்கலாம், தவறில்லை. ஆனால் அதற்கு முன் ஒன்றைப் புரிய வைக்க வேண்டும். ஏழின் மடங்கான ஒரு படியில் நிற்கிறவன், அங்கிருந்து ஏழின் மடங்கு அளவுக்கு மேலே போனாலும் சரி, கீழே இறங்கினாலும் சரி, ஏழின் மடங்கான படியில்தான் நிற்பான். மடங்கோடு மடங்கைச் சேர்த்தாலும் மடங்கு; மடங்கிலிருந்து மடங்கைக் கழித்தாலும் மடங்கு. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மடங்கு பற்றிய பாடத்தில் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். வகுபடும் விதிகள் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களே, அவை அத்தனையும் இந்த ஒரு வரியிலிருந்து பிறந்தவை.

91-ஐ மறுபடி எடுத்துக்கொள்வோம். 91 = 70 + 21. எழுபது மடங்கு, இருபத்தொன்று மடங்கு, ஆகவே 91 மடங்கு. 371 என்றால்? 350 + 21. 1316? 1400-இலிருந்து 84 இறங்கினால் கிடைக்கிறது. இரண்டுமே ஏழின் மடங்குகள். பெரிய எண்ணைப் பார்த்ததும் பயப்படாமல், அதற்குப் பக்கத்தில் தனக்குத் தெரிந்த மடங்கு எது என்று தேடுகிற பழக்கம் வந்துவிட்டால், பிள்ளையின் முகத்திலேயே தெளிவு தெரியும். வாய்ப்பாடு மறந்துபோன நேரத்துக்கும் இது உதவும். ஏழெட்டு எவ்வளவு என்று தடுமாறினால், ஏழைந்து முப்பத்தைந்து, ஏழுமூன்று இருபத்தொன்று, சேர்த்தால் ஐம்பத்தாறு. தேர்வில் மறந்துவிட்டது என்று அழுகிற பிள்ளைக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

மூன்றின் மடங்கைக் கண்டுபிடிக்க இலக்கங்களைக் கூட்ட வேண்டும் என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் கூட்ட வேண்டும் என்று கேட்டால் பதில் இருக்காது. அதற்கு ரூபாயை எடுக்கிறேன். 471 ரூபாயை மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். நான்கு நூறு ரூபாய், ஏழு பத்து ரூபாய், ஒரு ஒற்றை ரூபாய். ஒவ்வொரு நூறிலிருந்தும் ஒரு ரூபாயைக் கையில் எடுத்து வைத்துவிட்டால் மிச்சம் 99. அது மூன்று பேருக்கும் சரியாகப் பிரியும். ஒவ்வொரு பத்திலிருந்தும் ஒரு ரூபாயை எடுத்து வைத்தால் மிச்சம் 9, அதுவும் பிரியும். இப்போது கையில் என்ன இருக்கிறது? நூறுகளிலிருந்து வந்த 4, பத்துகளிலிருந்து வந்த 7, ஒற்றையாக இருந்த 1. மொத்தம் 12. பன்னிரண்டு மூன்று பேருக்குப் பிரியும், ஆகவே 471 முழுவதும் பிரியும். இலக்கங்களின் கூட்டுத்தொகை என்பது இந்தக் கையில் மிஞ்சிய காசுதான். 99-உம் 9-உம் ஒன்பதுக்கும் மடங்கு என்பதால் ஒன்பதுக்கும் இதே வழி பொருந்துகிறது. 12 ஒன்பதின் மடங்கு இல்லை, எனவே 471-உம் இல்லை. சில்லறையை மேசையில் பரப்பி, பிள்ளைகளின் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வாயால் சொல்வதைவிட அது நிற்கும்.

இரண்டின் மடங்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிது இல்லை. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறப்பு என்றாலே ஒற்றைப்படை மதகா, இரட்டைப்படை மதகா என்பதுதான் வீட்டில் பேச்சு. பாசன நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 1,03,500 ஏக்கர் என்ற கணக்கில் மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். இரட்டைப்படை என்பது இரண்டின் மடங்கு என்று சொன்னால், "அட, அவ்வளவுதானா" என்பார்கள். மதகு எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிடலாம். பத்து இரண்டின் மடங்கு என்பதால் மற்ற இலக்கங்கள் எல்லாம் தாமாகவே மடங்காகிவிடுகின்றன. நூறு நான்கின் மடங்கு, ஆகவே நான்குக்குக் கடைசி இரண்டு இலக்கம் போதும். ஆயிரம் எட்டின் மடங்கு, ஆகவே எட்டுக்குக் கடைசி மூன்று. லீப் ஆண்டும் நான்கின் மடங்குதான், ஆனால் நூறின் மடங்காக வரும் ஆண்டு 400-இன் மடங்காகவும் இருந்தாக வேண்டும். 1900 லீப் ஆண்டு இல்லை, 2000 லீப் ஆண்டு.

என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் அப்புச்சி இன்னமும் கைத்தறியில் போர்வை நெய்கிறார். ஒருமுறை அவர் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போடும் கணக்கைக் கேட்டேன். சிவப்பு எட்டு இழை, வெள்ளை பன்னிரண்டு இழை. இரண்டும் சேர்ந்தால் இருபது. பாவு முழுவதும், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள் முழுவதும், இது திரும்பத் திரும்ப வர வேண்டும். "அப்படியானால் மொத்த இழை இருபதின் மடங்காக இருந்தால் போதும் அல்லவா, 1200 இழை?" என்று கேட்டேன். "மடங்கு மட்டும் போதாதுங்க டீச்சரம்மா. கடைசியில் இன்னொரு சிவப்புக் கோடு வேண்டும். இல்லாவிட்டால் ஓர் ஓரம் சிவப்பாகவும் மறு ஓரம் வெள்ளையாகவும் நின்றுபோகும்" என்றார். ஆகவே 1208. இருபதின் மடங்கோடு எட்டு. பள்ளிக்கூடத்தில் மீதி என்று எழுதுவோமே, அந்த எட்டு தறியில் போர்வையின் அழகாக நிற்கிறது. அவர் இதைப் பேப்பரில் போட்டுப் பார்க்கவில்லை. பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பேத்திக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த மரியாதையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மடங்கையும் மடங்கு இடைவெளியையும் பிரித்துக் காட்டுவதற்கு அந்த எட்டு நல்ல உதாரணம். இன்னொன்று சந்தை நாள். ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை வியாழக்கிழமை கூடும். ஒரு மாதத்தில் முதல் வியாழன் நான்காம் தேதி என்றால் அடுத்தவை 11, 18, 25. இவற்றில் ஒன்றுகூட ஏழின் மடங்கு இல்லை. ஆனால் எந்த இரண்டு தேதிகளைக் கழித்தாலும் ஏழின் மடங்கு வரும். தேதிக்குக் கிழமை கண்டுபிடிக்க விரும்பும் பிள்ளைக்கு இந்தக் கழித்தல்தான் சாவி: நான்காம் தேதி வியாழன் என்றால் 27 என்ன கிழமை? வித்தியாசம் 23. அதில் 21 ஏழின் மடங்கு, அதைத் தள்ளிவிடு. மிச்சம் இரண்டு. வியாழனிலிருந்து இரண்டு நாள் தள்ளி, சனி.

பக்கத்து மடங்கைத் தேடுகிற வேலை திருப்பூரில் தினமும் நடக்கிறது. பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு தாய் சொன்னதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு பெட்டியில் எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என்று ஆறு பனியன்கள் போக வேண்டும். ஆயிரம் பனியன் கேட்டால்? ஆயிரத்தை ஆறால் வகுத்தால் 166, மீதி 4. மீதியைக் கழித்தால் 996. ஆறின் மடங்கு, 166 பெட்டி. மேலே போக வேண்டுமானால் 1002. எந்த எண்ணுக்கும் கீழே உள்ள மடங்கு வேண்டுமா, வகுத்து வரும் மீதியைக் கழியுங்கள். மேலே உள்ளது வேண்டுமா, கழித்த பிறகு எதால் வகுத்தீர்களோ அந்த எண்ணை ஒருமுறை கூட்டுங்கள். இரண்டு எண்களுக்கு நடுவே எத்தனை மடங்கு என்ற கேள்வியும் இப்படியே. 200 வரை ஏழின் மடங்குகள் 28, 99 வரை 14. ஆகவே 100-இலிருந்து 200 வரை 14. தேர்வில் இதை ஒவ்வொன்றாக எழுதி எண்ணி நேரத்தைக் கரைக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பொது மடங்குக்கு மறுபடி சென்னிமலைப் படிதான். ஒருவன் நான்கு நான்காகத் தாவுகிறான், இன்னொருவன் ஆறு ஆறாக. இரண்டு பேர் காலும் படும் முதல் படி எது? 24 என்று சட்டென்று சொல்வார்கள், நான்கையும் ஆறையும் பெருக்கி. எழுதிப் பார்த்தால் 12-லேயே சந்தித்துவிடுகிறார்கள். நான்குக்கும் ஆறுக்கும் 2 என்ற எண் பொதுக் காரணி என்பதால் பாதி வழியிலேயே சந்திப்பு. அதனால்தான் 36 நான்குக்கும் மடங்கு, ஆறுக்கும் மடங்கு, 24-க்கு இல்லை. இரண்டும் மூன்றும் என்றால் பொதுக் காரணி ஒன்றைத் தவிர வேறில்லை, ஆகவே ஆறு. மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடிக்க ஏணி போட்டு வகுக்கும் முறையைப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். சிறிய எண்களுக்கு அதைவிடச் சுருக்கமான வழி, பெரிய எண்ணின் மடங்குகளை மட்டும் சொல்லிக்கொண்டே போய், சிறியதற்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. 12-க்கும் 18-க்கும்: 18 பன்னிரண்டின் மடங்கா? இல்லை. 36? ஆம். முடிந்தது.

நம் ஆண்டுக் கணக்கில்கூட இது இருக்கிறது. வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு ஏறக்குறைய 30 ஆண்டு. இரண்டும் புறப்பட்ட இடத்துக்கு ஒருசேர வர 60. பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுகளும் அறுபது. வீட்டில் தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்திருந்தால் அந்தப் பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு விளக்கிவிடும்.

நூலுக்கு வருகிறேன். பஞ்சு நூலின் நம்பர் என்பது, ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்ற கணக்கு. 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 40 சிட்டம், 33,600 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். அந்த 840, 120 கஜம் வீதம் ஏழு பகுதி சேர்ந்தது. ஒருநாள் பிள்ளைகளிடம், 1 முதல் 8 வரை எல்லா எண்ணுக்கும் மடங்காக இருக்கும் மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். எட்டில் தொடங்கினார்கள். எட்டின் மடங்கு என்றால் இரண்டும் நான்கும் அதற்குள் வந்துவிடும். மூன்றைச் சேர்க்க 24; ஆறும் வந்துவிட்டது. ஐந்தைச் சேர்க்க 120. ஏழைச் சேர்க்க 840. விடை பலகையில் விழுந்ததும் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், இது சிட்டத்துக் கணக்கு!" என்று கத்தினான். அவன் வீட்டில் அந்த எண் தினமும் புழங்குகிறது.

இப்படிப்பட்ட எண்களை ஆராய்ந்தவர் ஈரோட்டில் பிறந்தவர் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். தனக்கு முன்னே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி 1915-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். 12, 24, 60, 120, 360 எல்லாம் அந்த வரிசையில் இருக்கின்றன. 840-உம் இருக்கிறது, அதற்கு 32 காரணிகள். சிட்டத்துக்குள் இருக்கும் 120, ஆண்டுச் சுற்றின் 60, பெட்டிக் கணக்கின் ஆறு, எல்லாமே அவர் வரிசையில் நிற்கிற எண்கள்.

அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் பிள்ளைகள் 1729-ஐக் கேட்காமல் விடமாட்டார்கள். இங்கிலாந்தில் நோயுற்றுப் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த டாக்ஸியின் எண் 1729, அதில் சிறப்பு ஒன்றும் இல்லை என்றாராம். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் உடனே சொன்னார். 1729 = 1³ + 12³ = 9³ + 10³. கதை முடிந்ததும் நான் கேட்பது: "இது எந்த எண்களின் மடங்கு? வகுக்காமல் சொல்லுங்கள்."

ஒற்றைப்படை, ஆகவே இரண்டு இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 19, ஆகவே மூன்று இல்லை. ஐந்து இல்லை. ஏழு? 1400-ஐ எடுத்தால் 329. அதில் 280-ஐ எடுத்தால் 49. ஏழின் மடங்கு! பதினொன்றுக்கு 1650-ஐ எடுத்தார்கள், 79 மிஞ்சியது. 77-ஐ எடுத்தால் 2. இல்லை. பதின்மூன்றுக்கு 1300-ஐ எடுத்தால் 429; 390-ஐ எடுத்தால் 39. மடங்கு. பதினேழுக்கு 1700-ஐ எடுத்தால் 29. இல்லை. பத்தொன்பதில் எல்லாரும் கீழேயிருந்து ஏறிக்கொண்டிருக்க, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் 1900-இல் ஏறி நின்றுகொண்டான். அங்கிருந்து 1729-க்கு இறங்க 171. பத்தொன்பது பத்து 190, ஒரு பத்தொன்பதைக் கழித்தால் 171. ஒன்பது தாவல் கீழே. "பத்தொன்பதின் மடங்குங்க டீச்சர், நூறிலிருந்து ஒன்பது குறைச்சல், 91 தடவை" என்றான். அந்த 91-ஐக் கேட்டதும் பக்கத்தில் இருந்த சிறுமி, "அப்படியானால் ஏழும் பதின்மூன்றும் இதற்குள்ளேயே இருக்கின்றன" என்றாள்.